சமையல் மேடைக் கல்லை வைத்துக் கடலடித் தரையை எடைபோடுவது எப்படி?

பூமியின் வெளி ஓட்டை மேலோடு என்பார்கள். பள்ளிப் புத்தகத்தில் கண்டங்களின் மேலோடு (கண்ட மேலோடு), கடலடியின் மேலோடு (பெருங்கடல் மேலோடு) என்று ஓர் அட்டவணை இருக்கும். ஒன்று தடிமன், ஆனால் லேசு. மற்றது மெல்லிசு, ஆனால் கனம். பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்துவிட்டுப் பரீட்சையில் இடம் மாற்றி எழுதிவிட்டு வருவார்கள். வேலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு அந்தப் பாடு தேவையே இல்லை. இரண்டு துண்டுக் கல், ஒரு எலக்ட்ரானிக் தராசு, ஒரு பேசின் தண்ணீர் இருந்தால், அந்த அட்டவணையில் முக்கியமான ஒரு வரியை வீட்டிலேயே அளந்து பார்த்துவிடலாம். மற்ற வரிகள் பலவும் அந்த ஒரு வரியோடு சேர்ந்து புரிந்துவிடும்.

நான் சத்துவாச்சாரியில் கிரானைட் ஸ்லாப் கடை நடத்துகிறேன். சமையல் மேடை, படிக்கட்டு, வாசற்படி, பூஜை அறை மேடை, இதுதான் தொழில். ப்ராஜெக்ட்டுக்குக் கல் வேண்டும் என்று கேட்டு வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி இந்த முறை எனக்குப் படிந்துவிட்டது.

எங்கள் தொழிலில் கறுப்பு ஸ்லாப் வந்து இறங்கும் நாளில் லோடுமேன் அண்ணனின் முகமே மாறிவிடும். "அக்கா, இன்னிக்குக் கறுப்பு. கூலி சேர்த்துப் போட்டுக் குடுங்க" என்பார். அவர் கேட்பது நியாயம்தான். பதினெட்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள சாம்பல் கிரானைட் ஒரு சதுர அடிக்குக் கிட்டத்தட்ட நாலரை கிலோ வரும். அதே தடிமனில் கறுப்பு ஐந்து கிலோ. ஐம்பது சதுர அடிப் பலகைக்கு ஓர் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையைக் கூடுதலாகத் தூக்குகிறார் என்று அர்த்தம். சதுர அடிக்கு அரை கிலோ என்ற இந்த வித்தியாசமும் மேலோட்டின் தடிமனும் சேர்ந்துதான் பூமியில் கடல் எங்கே கிடக்க வேண்டும், நிலம் எங்கே நிற்க வேண்டும் என்பதையும் முடிவு செய்கின்றன. அந்த வித்தியாசத்தைத்தான் அளக்கப் போகிறோம்.

எந்தக் கல், எந்தக் கல் இல்லை

முதல் கல் சுலபம். வெள்ளை, சாம்பல், இளஞ்சிவப்பு என்று வெளிர் நிறத்தில் உள்ள எந்த கிரானைட் துண்டும் சரி. சிங்க் வைப்பதற்காக மேடையின் நடுவில் வெட்டியெடுத்த துண்டைக் கேளுங்கள். எல்லாக் கடையிலும் ஓர் ஓரமாகக் குவிந்து கிடக்கும், காசு வாங்க மாட்டார்கள். மொபைல் கேமராவை நெருக்கமாக வைத்துப் பார்த்தால் கண்ணாடிச் சில்லு போல மங்கலாக மின்னுவது குவார்ட்ஸ், வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ தட்டையாகப் பளிச்சிடுவது ஃபெல்ட்ஸ்பார், நடுநடுவே கறுப்புப் புள்ளியாக இருப்பது மைக்கா அல்லது ஹார்ன்பிளெண்ட். கடைத் துண்டு கிடைக்காவிட்டால் மலையடிவாரத்தில் கிடக்கும் கல்லும் போதும். வரிவரியாக இருந்தால் அது நைஸ் வகைப் பாறை, அதனால் பரவாயில்லை. மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று நம்மூரைக் கிண்டல் செய்வார்களே, கல் பார்க்கக் கிளம்புகிறவருக்கு மலையில் மரமில்லாதது ரொம்ப வசதி. கோட்டைச் சுவரில் மட்டும் கை வைக்க வேண்டாம். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது.

இரண்டாவது கல்லில்தான் ஏமாறுவார்கள். நமக்கு வேண்டியது கடையில் கறுப்பு கிரானைட் என்ற பெயரில் விற்கும் கல். பாறை வகைப்படி பார்த்தால் அது டோலரைட். பழைய காலத்தில் நிலத்தில் விழுந்த நீளமான விரிசல்களுக்குள் எரிமலைக் குழம்பு ஏறி, வெளியே வராமல் உள்ளேயே இறுகிப்போனது. வேலூர், திருவண்ணாமலை, தர்மபுரிப் பக்கமெல்லாம் வெளிர் பாறையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு இப்படிப்பட்ட கறுப்புச் சுவர்கள் ஓடுகின்றன. போர் போடும்போது வெள்ளையாக வந்துகொண்டிருந்த தூள் திடீரென்று கருத்துப்போனால், வண்டி அப்படி ஒரு சுவருக்குள் இறங்கியிருக்கலாம்.

கறுப்பாக இருக்கிறதே என்று கடப்பா கல்லை எடுத்துவிடாதீர்கள். அது சுண்ணாம்புக்கல், கடலில் படிந்த வண்டல். பாத்ரூம் கழுவும் ஆசிட் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும். டோலரைட் நுரைக்காது. சொட்டு விடுகிற வேலையைப் பெரியவர்கள் செய்யுங்கள், கையுறை போட்டுக்கொண்டு. இன்னொரு கல்லும் குழப்பும்: சார்னகைட். கருமையோடு பச்சை கலந்து, எண்ணெய் தடவியது போல இருக்கும். நம் மலைகளிலும் உண்டு, சென்னையில் பரங்கிமலை முழுக்க அதுதான். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கம்பெனி அதிகாரியின் கல்லறையில் இந்தக் கல்லைப் பார்த்த தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர், அந்த மனிதரின் பெயரையே கல்லுக்கு வைத்துவிட்டார். பார்க்க இருட்டாக இருந்தாலும் பெரும்பாலும் அது கிரானைட்டின் சொந்தக்காரன், எடையும் அந்தப் பக்கம்தான் நிற்கும். நல்ல டோலரைட்டில் மணிகள் பொடிப்பொடியாக இருக்கும், குவார்ட்ஸின் கண்ணாடி மினுக்கம் தெரியாது. வலுவான சின்னக் காந்தம் ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிட்டால் பல துண்டுகள் லேசாக இழுக்கும், உள்ளே மேக்னடைட் என்ற இரும்புக் கனிமம் இருப்பதால். ஆந்திராவில் சீமகுர்த்தியிலிருந்து வரும், பொன்புள்ளி மின்னுகிற பிளாக் கேலக்ஸியும் இந்தச் சோதனைக்கு நன்றாக உதவும். அது கேப்ரோ வகை, டோலரைட் போன்ற குழம்பே மெதுவாக ஆறி மணி பெருத்த கல்.

பின்பக்கம் வலை ஒட்டிய துண்டு வேண்டாம். பசையும் வலையும் கணக்கைக் கெடுக்கும்.

எடை போடுவது

தராசு ஒரு கிராம் வரை காட்ட வேண்டும், ஐந்து கிலோவாவது தாங்க வேண்டும். கல் அரை கிலோவுக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. கல் சின்னதாகிவிட்டால் ஒரு கிராம் தப்பும் பெரிதாகத் தெரியும்.

கல்லைக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து எடை பாருங்கள். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் பேசினில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றித் தராசின் மேல் வைத்து, பட்டனை அழுத்திப் பூஜ்யம் ஆக்குங்கள். இப்போது கல்லை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிட வேண்டும். அடியிலும் பக்கத்திலும் படக்கூடாது. இதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுவார்கள். கையால் பிடித்தால் ஆடும், ஆடினால் எண் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டு, நடுவில் ஒரு கம்பை வைத்து, அதிலிருந்து தொங்கவிடுங்கள். கம்பு பேசினின் மேல் உட்காரக் கூடாது. சணல் கயிறு தண்ணீர் குடிக்கும், தூண்டில் நரம்பு உத்தமம்.

தராசு இப்போது ஓர் எண் காட்டும். கல்லின் எடையைத் தாங்குவது கம்பு. தராசு காட்டுவது, கல் ஒதுக்கித் தள்ளிய அளவு தண்ணீரின் எடையை. ஒரு கிராம் தண்ணீர் ஒரு கன சென்டிமீட்டர் என்பதால், அந்த எண்ணே கல்லின் கன அளவு. காய்ந்த எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும்.

உதாரணத்துக்கு: சாம்பல் கல் காய்ந்த எடை 795 கிராம், தண்ணீரில் தராசு காட்டியது 300. அடர்த்தி 2.65. கறுப்பு 894 கிராம், தண்ணீரில் அதே 300 என்றால் 2.98. உங்கள் எண்கள் இதே போல இருக்க வேண்டும் என்பதில்லை. வெளிர் கல் 2.6-க்கும் 2.75-க்கும் நடுவிலும், கறுப்பு 2.9-க்கும் 3.1-க்கும் நடுவிலும் நின்றால் வேலை சரியாக நடந்திருக்கிறது.

அந்த இரண்டு எண்களை வைத்து என்ன செய்வது

முதலில் ஒரு விஷயம் தெளிவாகட்டும். உங்கள் கறுப்புக் கல் கடலடியிலிருந்து வந்தது இல்லை. அது கண்டத்துக்குள்ளேயே இறுகியது. ஆனால் கடலடி மேலோடும் இதே குடும்பம்தான். சுமார் ஏழு கிலோமீட்டர் தடிமனுள்ள அந்த மேலோட்டை மேலிருந்து பிரித்தால், வண்டலுக்குக் கீழே கடல்நீர் பட்டுத் தலையணை தலையணையாக உறைந்த பசால்ட் வரும். அதற்கு அடியில் நெருக்கமாக நிமிர்ந்து நிற்கும் டோலரைட் சுவர்கள். அதற்கும் அடியில் மெதுவாக ஆறியதால் மணி பெருத்த கேப்ரோ. மூன்றும் ஒரே குழம்பு, ஆறிய வேகம்தான் வேறு. அதாவது உங்கள் கையில் இருக்கும் டோலரைட், கடலடி மேலோட்டின் நடு அடுக்குக்கு நேர் உறவு.

கண்ட மேலோடு வேறு கதை. சராசரித் தடிமன் 35 முதல் 40 கிலோமீட்டர், இமயமலைக்கும் திபெத்துக்கும் அடியில் 70 வரை போகும். மேல்பகுதி கிரானைட், நைஸ் போன்ற வெளிர் பாறை. கீழே போகப் போகக் கனம் கூடும். மொத்தச் சராசரி 2.8 என்று வைத்துக்கொள்ளலாம். கடலடி மேலோட்டுக்கு 2.95. இரண்டுக்கும் அடியில் இருக்கும் கவசத்துக்கு 3.3. கவசம் உருகிய குழம்பு என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது கெட்டியான பாறைதான். லட்சக்கணக்கான ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மெதுவாக வழிந்து நகரும், அவ்வளவே. அந்த நிதானத்தில் மேலோடு அதன்மேல் மிதக்கிறது.

இனி பிள்ளைகளிடம் பென்சிலைக் கொடுங்கள். 2.8-ஐ 3.3-ஆல் வகுத்தால் 0.85. அதாவது கண்ட மேலோட்டின் 85 சதவீதம் கவசத்துக்குள் அமிழ்ந்திருக்கும், 15 சதவீதம் மேலே நிற்கும். 35 கிலோமீட்டரில் அது சுமார் 5.3 கிலோமீட்டர். கடலடி மேலோட்டுக்கு அதே கணக்கைப் போட்டால் ஏழு கிலோமீட்டரில் முக்கால் கிலோமீட்டர்கூட மேலே நிற்காது. வித்தியாசம் நாலரை கிலோமீட்டர்.

சரி, உண்மையான பூமியில் எவ்வளவு? நிலத்தின் சராசரி உயரம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 840 மீட்டர். கடலின் சராசரி ஆழம் சுமார் 3,700 மீட்டர். கூட்டுங்கள். நாலரை கிலோமீட்டர். இவ்வளவு கச்சிதமாக ஒத்துப்போவதில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் உண்டு. கடல்நீரின் எடை தரையை இன்னும் கொஞ்சம் அழுத்துவதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனாலும் தராசில் பார்த்த வித்தியாசமும் தடிமனும் சேர்ந்தால் கடல் ஏன் பள்ளத்தில் கிடக்கிறது என்பது வந்துவிடுகிறது. கண்டங்கள் நகர்கின்றன என்று 1912-இல் சொன்ன ஆல்ஃபிரட் வெகனரும் தன் வாதத்துக்கு இதை ஒரு சான்றாக வைத்தார். பூமியின் மேற்பரப்பு உயரங்களைக் கணக்கெடுத்தால் அவை இரண்டு மட்டங்களில் குவிகின்றன. ஒரே வகைப் பாறையாக இருந்து அங்கங்கே மேடு பள்ளம் ஆகியிருந்தால் ஒரே மட்டத்தில்தான் குவிய வேண்டும்.

தட்டு வேறு, மேலோடு வேறு

தட்டு என்பது மேலோடும் அதன் அடியில் ஒட்டிய விறைத்த கவசமும் சேர்ந்து ஒரே துண்டாக நகரும் பாகம். இங்கேதான் டியூஷன் போகும் பிள்ளைகளும் தடுக்கி விழுகிறார்கள். மெரினா கடற்கரையில் இந்தியத் தட்டு முடிந்து, அப்புறம் வேறு தட்டு தொடங்குகிறது என்று எழுதுவார்கள். அப்படி இல்லை. கரையோடு கண்டம்கூட முடிவதில்லை. பாலாறு கல்பாக்கத்துக்குத் தெற்கே வாயலூர்ப் பக்கம் கடலில் கலக்கிறது. அங்கிருந்து ஆழமில்லாத கண்டத் திட்டு இன்னும் கொஞ்ச தூரம் போய், பிறகு சரிந்து இறங்கி, அதற்கப்புறம்தான் கடலடி மேலோடு வருகிறது. அப்போதும் தட்டு மாறவில்லை. வேலூர்க் கோட்டையும் வங்கக் கடலின் தரையும் ஒரே தட்டில் உட்கார்ந்திருக்கின்றன. தட்டின் ஒரு பாகத்தில் வெளிர் பாறை, இன்னொரு பாகத்தில் கறுப்புப் பாறை. இரண்டும் சேர்ந்தே நகரும்.

எவ்வளவு நகரும்? வடகிழக்காக ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர். 1806 ஜூலை 10-ஆம் தேதி கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்களே, அன்றிலிருந்து இன்றுவரை கோட்டை சுமார் 11 மீட்டர் தள்ளிப் போயிருக்கிறது. காட்பாடியும் கூடவே வந்துவிட்டதால் பஸ் டிக்கெட்டில் மாற்றமில்லை.

தட்டின் உண்மையான ஓரம் கிழக்கே, அந்தமான்–சுமத்ரா வரிசையில் இருக்கிறது. அங்கே இந்தியத் தட்டின் கடலடிப் பாகம் எதிர்த் தட்டுக்குக் கீழே இறங்குகிறது. 2004 டிசம்பர் 26 அன்று அந்த ஓரம் ஒரே மூச்சில் நழுவியதுதான் 9.1 அளவு நிலநடுக்கமும் சுனாமியும். அந்தமானில் பாரன் தீவு எரிமலை புகைவதும் அந்த இறக்கத்தால்தான். வடக்கு ஓரத்தில் நம் கண்டப் பாகம் ஆசியாவின் கண்டப் பாகத்தோடு முட்டியது. இரண்டும் லேசு, இரண்டுக்கும் இறங்க மனமில்லை, அதனால் மடிந்து உயர்ந்து இமயமலை ஆனது.

கெட்டிக்காரப் பிள்ளை இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்கும், கேட்க வேண்டும். 2.95 என்பது 3.3-ஐவிடக் குறைவுதானே, பிறகு கடலடி எப்படிக் கவசத்துக்குள் மூழ்கும்? பதில் தட்டின் தடிமனில் இருக்கிறது. கடலடித் தட்டு என்பது அந்த ஏழு கிலோமீட்டர் மட்டும் இல்லை. அதன் அடியில் குளிர்ந்து விறைத்துப்போன கவசமும் ஒட்டிக்கொண்டு கூடவே நகர்கிறது. தட்டுக்கு வயதாக வயதாக இந்த ஒட்டு வளர்ந்து நூறு கிலோமீட்டர் அளவுக்கும் போகும். குளிர்ந்த கவசம் சூடான கவசத்தைவிடச் சற்றுக் கனம். அந்தச் சுமைதான் தட்டைக் கீழே இழுக்கிறது. இறங்கத் தொடங்கிய பிறகு அழுத்தத்தில் பசால்ட் எக்லோகைட் என்ற பாறையாக மாறி 3.4, 3.5 என்று கனத்துவிடும். அப்புறம் இழுவை இன்னும் கூடும். கண்டத் தட்டிலோ 35 கிலோமீட்டர் லேசான பாறை ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதை அப்படி இழுத்துவிட முடியாது.

வயதும் இதிலிருந்தே வருகிறது. கடல் நடுவில் உள்ள முகடுகளில் புதுத் தரை பிறக்கிறது, ஓரத்தில் பழையது இறங்கிவிடுகிறது. அதனால் பெருங்கடல்களில் 18 கோடி ஆண்டுகளுக்கு மேல் பழைய தரையைக் காண்பது அரிது. நம் வங்கக் கடலின் தரை, இந்தியா அண்டார்டிகாவை விட்டுப் பிரிந்தபோது, சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவாகத் தொடங்கியது. இறங்காத கண்டத்தில் பழசு அப்படியே தங்கிவிடுகிறது. வேலூரைச் சுற்றியுள்ள மலைப்பாறைகளுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். பூமிக்கே 454 கோடிதான்.

பசால்ட் என்றாலே கடல் என்றும் எழுதிவிட வேண்டாம். மும்பை, புனே எல்லாம் உட்கார்ந்திருப்பது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் கண்டத்தின் மேல் வழிந்த பசால்ட் மேல். அதற்கு அடியில் வழக்கமான கண்ட மேலோடு இருக்கிறது.

எண் சரியாக வராவிட்டால்

கறுப்புக் கல் 2.7 காட்டினால் அது கடப்பாவோ சார்னகைட்டோ. ஆசிட் சொட்டில் தெரிந்துவிடும். 2.4 பக்கம் வந்தால் அது மலையில் வெட்டிய கல்லே இல்லை, பிசின் கலந்து செய்த செயற்கை குவார்ட்ஸ் பலகையாக இருக்கும். இரண்டு கல்லுமே குறைவாக வந்தால் கல் பேசினின் அடியைத் தொட்டிருக்கிறதா என்று பாருங்கள். தொட்டால் கல்லின் எடையும் தராசில் ஏறி, கன அளவு பெரிதாகி, அடர்த்தி இறங்கிவிடும். வெட்டு விளிம்பில் ஒட்டிய காற்றுக் குமிழியும் அதே வேலையைச் செய்யும். பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு மறுபடி தொங்கவிடுங்கள்.

துண்டு வாங்க வரும்போது கெட்டியான பை கொண்டு வாருங்கள், வெட்டு முனை கத்தி மாதிரி இருக்கும். மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்திவிட்டு நீங்கள் மட்டும் வந்து கேளுங்கள். கல் அறுக்கும் தூசியில் சிலிக்கா இருக்கிறது, சின்ன நுரையீரலுக்கு அது ஆகாது.